ஊழியர்களின் கைபேசியில் அலுவலக மெயில்: செலவை முன்கூட்டியே சரியாகக் கணக்கிடுவது எப்படி?

பெரும்பாலான சிறு, நடுத்தர நிறுவனங்களில் இந்த வேலை தலைகீழாகத்தான் தொடங்குகிறது. ஆள் ஒன்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று ஒரு கொட்டேஷன் வரும். அதை ஊழியர் எண்ணிக்கையால் பெருக்கி, முதலாளி ஒப்புதல் கொடுத்து, ஆண்டு முழுவதற்கும் லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். மூன்றாவது மாதம் மெயில்பாக்ஸ் நிரம்பும், பாதிப் பேருக்குப் போனில் நோட்டிஃபிகேஷன் வராது, வேலையை விட்டுப் போனவருக்கும் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். லைசென்ஸ் விலை மொத்தச் செலவில் பாதியைக்கூடத் தொடாது என்பது அப்போதுதான் தெரியவரும்.

வரிசையை மாற்றினால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். முதலில் ஆட்களை எண்ண வேண்டும், பிறகு பழைய மெயிலை அளக்க வேண்டும், அதன்பின் போன் யாருடையது என்று முடிவெடுக்க வேண்டும். லைசென்ஸ் வாங்குவது இவற்றுக்கெல்லாம் பிறகு.

எடுத்துக்காட்டாகத் திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். தையல், அயர்ன், பேக்கிங் ஆட்களைத் தவிர்த்து அங்கே 70 பேர். இந்த எடுத்துக்காட்டில் வரும் ரூபாய் எண்களும் நேரக் கணக்கும் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. அந்த இடங்களில் உங்கள் கொட்டேஷனில் உள்ள எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வாங்கிய கணக்கின் லாகின். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பல நிறுவனங்களில் டொமைன் வெப்சைட் செய்துகொடுத்தவரின் பெயரிலும் அவருடைய மெயில் முகவரியிலும் இருக்கும். மெயிலை மாற்றும் நாளில் அவர் போனை எடுக்கவில்லை என்றால் எல்லாமே நின்றுபோகும். டொமைனை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, காலாவதி தேதியைக் குறித்துவைத்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

அதோடு, இப்போது இருக்கும் எல்லா மெயில் முகவரிகளின் பட்டியலும் கடந்த 12 மாதங்களில் சேர்ந்தவர்கள், விலகியவர்கள் எண்ணிக்கையும் வேண்டும். ஜிஎஸ்டி எண், ஆடிட்டரின் அரை மணி நேரம் ஆகியவையும் தேவைப்படும்.

போன் விவரங்களை ஒரு சிறு படிவத்தில் வாங்குங்கள்: மாடல், ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பு, மீதி இடம், ஸ்கிரீன் லாக் போட்டிருக்கிறாரா. மெயில் ஆப்கள் பழைய பதிப்புகளுக்கான ஆதரவை அவ்வப்போது நிறுத்திக்கொண்டே வரும். ஆறேழு ஆண்டு பழைய போன் வைத்திருப்பவர் யார் என்று இப்போதே தெரிந்தால், போன் செலவு பின்னால் திடீரென்று முளைக்காது.

2. சம்பளப் பட்டியலை வைத்து எண்ணாதீர்கள்

ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டே கேள்வி கேளுங்கள். இவர் வெளியாருக்கு மெயில் அனுப்புகிறாரா? மேசையை விட்டு எழுந்த பிறகும் இவருக்கு மெயில் தேவைப்படுகிறதா?

நம் எடுத்துக்காட்டு நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர்கள் (வாங்கும் நிறுவனமான பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்கள்), ஷிப்பிங், நிர்வாகம் என 18 பேருக்கு இரண்டுக்கும் பதில் ஆம். அக்கவுண்ட்ஸ், டாக்குமெண்டேஷன் பிரிவில் 10 பேருக்கு மெயில் வேண்டும், ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே வேலை முடிந்துவிடும். நிட்டிங், டையிங், பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு அலையும் க்யூசி (தரச் சோதனை), புரொடக்‌ஷன் ஆட்கள் 22 பேருக்குப் போனில் மட்டும் போதும். மீதி 20 பேருக்கு மெயில்பாக்ஸே தேவையில்லை.

முழு மெயில்பாக்ஸ் மாதம் 300 ரூபாய், சிறிய மெயில்பாக்ஸ் 100 ரூபாய் என்று கொள்வோம். எல்லோருக்கும் ஒரே திட்டம் என்றால் 70 பேருக்கு மாதம் 21,000 ரூபாய். பிரித்தால் 28 பேருக்கு 8,400, 22 பேருக்கு 2,200, மொத்தம் 10,600. ஆண்டுக்கு 1,24,800 ரூபாய் மிச்சம். இந்த அளவு மிச்சம் எந்தத் தள்ளுபடியிலும் கிடைக்காது.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, சேல்ஸ், அக்கவுண்ட்ஸ், இன்ஃபோ போன்ற பொது முகவரிகளுக்கும் தனி லைசென்ஸ் வாங்குவது. மைக்ரோசாஃப்ட் 365இல் ஷேர்டு மெயில்பாக்ஸ் (பலர் சேர்ந்து பார்க்கும் பெட்டி) 50 ஜிபி வரை லைசென்ஸ் இல்லாமலே கிடைக்கும். கூகுள் ஒர்க்ஸ்பேஸில் குரூப்ஸ், மாற்று முகவரிகள் இரண்டுக்கும் தனிக் கட்டணம் கிடையாது. ஸோஹோவிலும் குரூப் முகவரி உண்டு.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. பணத்தை மிச்சம் பிடிக்க ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் பகிர்ந்துகொள்வார்கள். அப்போது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு போனில் வரும் குறியீட்டைக் கேட்பது) வேலைக்கு ஆகாது. தவறான மெயிலை அனுப்பியது யார் என்று தெரியாது. ஒருவர் விலகினால் ஐந்து போனிலும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். மாதம் சில நூறு ரூபாய்க்காக இந்த வழியில் இறங்காதீர்கள்.

3. பழைய மெயிலை அளந்த பிறகே திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெப் ஹோஸ்டிங்கோடு வந்த மெயிலை வைத்திருக்கும் நிறுவனங்களில் அவுட்லுக் பெரும்பாலும் பாப் முறையில் இருக்கும். அந்த முறையில் மெயில் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறங்கியதும், சர்வரில் அழிந்துபோகும்படி அமைத்திருப்பார்கள். பத்து ஆண்டு மெயில் அந்த ஒரு கம்ப்யூட்டரின் பிஎஸ்டி ஃபைலில் (அவுட்லுக் மெயிலைச் சேமித்துவைக்கும் ஃபைல்) மட்டுமே இருக்கும்.

இந்த நிலையில் போனில் மெயிலைச் சேர்த்தால் பெட்டி காலியாகத் தெரியும். ஊழியர் 'மெயில் எல்லாம் போய்விட்டது' என்று பதறுவார். உண்மையில் எதுவும் போகவில்லை, சர்வரில் இல்லை, அவ்வளவுதான். பழைய மெயிலும் போனில் தெரிய வேண்டுமென்றால் பிஎஸ்டியைப் புதிய சர்வரில் ஏற்ற வேண்டும்.

எனவே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிஎஸ்டி ஃபைலின் அளவைப் பார்த்து எழுதுங்கள். மூத்த மெர்ச்சண்டைசர் ஒருவரிடம் 40 ஜிபி இருப்பது புதுமை அல்ல. கூகுள் பிசினஸ் ஸ்டார்ட்டரில் ஆள் ஒன்றுக்கு 30 ஜிபி, மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பேசிக்கில் 2025இல் மெயிலுக்கு 50 ஜிபி இருந்தது. அளக்காமல் வாங்கினால், ஏற்றும்போது பாதியில் நின்று, அடுத்த விலைத் திட்டத்துக்கு மாற வேண்டிவரும்.

எல்லாவற்றையும் ஏற்றத்தான் வேண்டும் என்பதில்லை. கடைசி இரண்டு ஆண்டு மெயிலை ஏற்றிவிட்டு, மீதியை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பது பல இடங்களில் போதுமானது. அழித்து மட்டும் விடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குப் பதிவுகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். இன்வாய்ஸ் மெயில்கள் அந்தக் கணக்குக்குத் துணை நிற்பவை.

4. போட்டோ கணக்கு: சிறிய மெயில்பாக்ஸில் உள்ள பொறி

போனில் மட்டும் மெயில் பார்ப்பவருக்குச் சிறிய மெயில்பாக்ஸ் போதும் என்பது காகிதத்தில் சரி. ஆனால் அவர் என்ன அனுப்புகிறார் என்று பாருங்கள். க்யூசி ஆள் துணியின் ஷேடு வித்தியாசம், தையல் குறை, அளவு நாடா வைத்த படம் என்று நாள் முழுக்க போட்டோதான் அனுப்புவார். இன்றைய போனில் எடுக்கும் ஒரு படம் 3 முதல் 5 எம்பி வரை இருக்கும்.

ஒரு நாளைக்கு 20 படம், படம் ஒன்று 5 எம்பி என்றால் 100 எம்பி. அனுப்பிய மெயிலும் இடத்தைப் பிடிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் கியாஸ்க் போன்ற 2 ஜிபி பெட்டி 20 வேலை நாளில் நிரம்பிவிடும். கூகுள் ஃபிரண்ட்லைன் ஸ்டார்ட்டர் போன்ற 5 ஜிபி பெட்டி 50 நாளைத் தாண்டாது. நிரம்பிய பெட்டிக்கு வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப்போகும். அது பையரின் அப்ரூவல் மெயிலாக இருந்தால் இழப்பு லைசென்ஸ் விலையோடு நிற்காது.

இணைப்புகள் (மெயிலோடு சேர்க்கும் ஃபைல்கள்) மெயிலில் போகும்போது குறியீடு மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். 18 எம்பி ஃபைல் சுமார் 24 எம்பி ஆகிவிடும். ஜிமெயிலில் அனுப்பும் எல்லை 25 எம்பி. ஏழெட்டு நல்ல படங்களை ஒரே மெயிலில் வைத்தாலே எல்லை தாண்டிவிடும்.

எல்லோருக்கும் பெரிய பெட்டி வாங்குவதைவிட, ஆர்டர் எண் வாரியாகப் பகிரப்பட்ட ஃபோல்டர் ஒன்றில் படங்களைப் போட்டு மெயிலில் லிங்க் மட்டும் அனுப்பும் பழக்கத்தைக் கொண்டுவருவதே மலிவான தீர்வு. அதற்கு அந்தச் சிறிய திட்டத்தில் ஃபைல் வைக்கும் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் முழுத் திட்டம் வைத்திருப்பவரின் ஃபோல்டரில் அவர் போன் வழியாகப் போட முடியுமா என்று வாங்கும் முன்பே சோதித்துவிடுங்கள். முடியாது என்றால் அந்த 22 பேரில் அதிகமாகப் படம் அனுப்புவோருக்கு மட்டும் பெரிய திட்டம் கொடுங்கள்.

5. யாருடைய போன், யாருடைய சிம்?

மொத்தச் செலவை அதிகம் ஆட்டிவைப்பது இந்த ஒரு முடிவுதான்.

நிறுவனமே போன் கொடுத்தால்: ஜிஎஸ்டி சேர்த்து 15,000 ரூபாய் போன் ஒன்றின் வரிக்கு முந்தைய விலை 12,712 ரூபாய். மூன்று ஆண்டு ஓடும் என்று வைத்தால் மாதம் 353. சிம்முக்கு மாதம் 300 சேர்த்தால் 653. அதாவது முழு மெயில் லைசென்ஸைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஊழியரின் சொந்தப் போனில் என்றால்: மெயில் இழுக்கும் டேட்டா, நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் சாதாரணத் திட்டத்திலேயே அடங்கிவிடும். இருந்தாலும் மாதம் 200 ரூபாய் போலப் படி கொடுத்துவிடுங்கள். சொந்தப் போனில் அலுவலக விதிகளை ஏற்கச் சொல்லும்போது அதற்கு ஈடாக ஏதாவது கொடுப்பதுதான் நியாயம். கொடுக்காத இடங்களில் ஸ்கிரீன் லாக் போடச் சொன்னாலே மனக்கசப்பு தொடங்கிவிடுகிறது.

இரண்டையும் கலந்து செய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். போனில் மெயில் பார்க்கும் 40 பேரில், வங்கி, பையர் கணக்கு, ஷிப்பிங் ஆகியவற்றைக் கையாளும் 8 பேருக்கு நிறுவனப் போன், மற்ற 32 பேருக்குப் படி. பையருக்கு விசிட்டிங் கார்டில் கொடுக்கும் எண் எப்போதும் நிறுவனத்தின் பெயரில் உள்ள சிம்மாக இருக்கட்டும். ஊழியர் விலகும்போது எண்ணும் அதோடு வாட்ஸ்அப்பில் பழகிய வாடிக்கையாளரும் சேர்ந்தே போவதை இது தடுக்கும்.

கணக்குப் புத்தகத்தில் கவனிக்க வேண்டியவை: போன் வாங்கும் இன்வாய்ஸ் நிறுவனத்தின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணோடும் இருக்க வேண்டும். வருமான வரித் தேய்மானத்தில் கைபேசியைக் கம்ப்யூட்டருக்கான 40 சதவீதத்தில் சேர்த்துவிடுகிறார்கள். பொதுவாக அது 15 சதவீதப் பிரிவில்தான் வரும். எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜிஎஸ்டி துறைக்குத் தரும் உறுதிக் கடிதம்) கொடுத்து ஏற்றுமதி செய்து உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டி) ரீஃபண்டாகக் கேட்பவர்களுக்கு இன்னொன்று: மூலதனப் பொருளாகக் கணக்கில் ஏற்றிய போனின் வரி அந்த ரீஃபண்டில் சேராது, உள்நாட்டு வரியில்தான் கழித்துக்கொள்ள முடியும். படியை மொத்தத் தொகையாகக் கொடுப்பதா, பில் பார்த்துத் திருப்பித் தருவதா என்பதில் ஊழியரின் வரி மாறும். ஆடிட்டரின் அரை மணி நேரம் இதற்குத்தான்.

வெளிநாட்டுப் பயணம் தனிக் கணக்கு. ரோமிங் பேக் போடாமல் போன் தானாக இணைப்புகளை இறக்கிக்கொண்டிருந்தால், ஆண்டு முழுவதற்குமான லைசென்ஸ் பணம் ஒரு கண்காட்சிப் பயணத்திலேயே போய்விடக்கூடும். கிளம்பும் முன் பேக் போடுவது, இணைப்புகள் தானாக இறங்குவதை நிறுத்துவது, படங்களின் தானியங்கி பேக்அப்பை வைஃபைக்கு மட்டும் மாற்றுவது ஆகிய மூன்றையும் பயணப் படிவத்திலேயே எழுதிவையுங்கள்.

6. கொட்டேஷன் கேட்கும்போது

கீழே உள்ளவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

முதலாவது, எண்ணிக்கையை எப்போது குறைக்கலாம்? மைக்ரோசாஃப்டின் இப்போதைய ஒப்பந்த முறையில் வாங்கிய ஏழு நாளுக்குள் குறைத்துவிட வேண்டும். தவறினால் காலம் முடியும்வரை கட்டியாக வேண்டும். கூகுளின் ஆண்டுத் திட்டத்திலும் இடையில் கூட்டலாம், குறைக்க முடியாது.

மாத ஒப்பந்தம் மைக்ரோசாஃப்டில் சுமார் 20 சதவீதம் விலை கூடுதல். ஆகவே 10 மாதத்துக்கு மேல் இருக்கும் இடத்துக்கு ஆண்டு ஒப்பந்தம் லாபம், அதற்குள் காலியாகக்கூடிய இடத்துக்கு மாத ஒப்பந்தம் லாபம். கடந்த ஆண்டு எத்தனை பேர் விலகினார்கள் என்ற கணக்கு இங்கேதான் பயன்படும். நிலையாக இருக்கும் 40 பேருக்கு ஆண்டு, ஆள் மாறிக்கொண்டே இருக்கும் 10 இடத்துக்கு மாதம் என்று பிரித்து வாங்கலாம்.

இரண்டாவது, ஒரே டொமைனில் இரண்டு விலைத் திட்டங்களைக் கலக்கலாமா? ஸோஹோ மெயிலிலும் மைக்ரோசாஃப்டிலும் கலக்கலாம். மற்ற இடங்களில் கேட்டு உறுதி செய்யுங்கள். கலக்க முடியாவிட்டால் இரண்டாம் பகுதியில் போட்ட பிரிவினை வீணாகிவிடும்.

மூன்றாவது, போன் இணைப்பு திட்டத்திலேயே உண்டா? ஸோஹோவின் இலவசத் திட்டத்தில் ஐமேப் (வேறு மெயில் ஆப்களையும் இணைக்கும் முறை) கிடையாது. போனோடு வரும் மெயில் ஆப்பில் அதைச் சேர்க்க முடியாது, ஸோஹோவின் ஆப்தான் வழி.

நான்காவது, இன்வாய்ஸில் உங்கள் ஜிஎஸ்டி எண் வருமா? முதலாளியின் சொந்தக் கிரெடிட் கார்டில், ஜிஎஸ்டி எண் பதியாமல் பணம் கட்டும் வழக்கம் நிறைய இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் ஆண்டு லைசென்ஸ் 1,27,200 ரூபாய்க்கு 18 சதவீத வரி 22,896 ரூபாய். உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாமல் அது அப்படியே செலவாகிவிடும். டாலரில் பில் வரும் சேவை என்றால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே) வரி கட்டும் வேலையும், கார்டு வங்கியின் கூடுதல் கட்டணமும் சேரும்.

7. போனைக் கட்டுப்படுத்த எவ்வளவு செலவிடலாம்?

போன் நிர்வாகச் சேவை என்று தனியாக விற்கிறார்கள். வாங்கும் முன், மெயில் திட்டத்தோடு வரும் அடிப்படை வசதியைப் பாருங்கள். ஸ்கிரீன் லாக்கைக் கட்டாயமாக்குவது, போனில் உள்ள அலுவலகக் கணக்கை மட்டும் தொலைவிலிருந்து அழிப்பது ஆகிய இரண்டும் பெரும்பாலான கட்டணத் திட்டங்களில் சேர்ந்தே இருக்கும். 40 போனுக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 100 ரூபாய் கூடுதல் என்றாலும் ஆண்டுக்கு 48,000. பையர் ஒப்பந்தம் கேட்டால் அல்லது நிறுவனப் போன்கள் அதிகம் இருந்தால் வாங்குங்கள். மற்றபடி அடிப்படை வசதியே போதும் என்பது எங்கள் கருத்து.

ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் போட முடிந்தால் போடுங்கள். அலுவலக ஆப்கள் தனி அறைபோல இருக்கும், அழித்தாலும் வீட்டுப் படங்களைத் தொடாது.

ஐபோன்களைச் சேர்த்து நிர்வகிக்க ஆப்பிள் தரும் புஷ் சான்றிதழ் வேண்டும். அது இலவசம்தான், ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதுவும் முதலில் எடுத்த அதே ஆப்பிள் கணக்கில். ஐடி ஆள் தன் சொந்தக் கணக்கில் எடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனால், எல்லா ஐபோனையும் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். நிறுவனத்துக்கென ஒரு பொதுக் கணக்கைத் திறந்து அதிலேயே எடுங்கள்.

8. ஐந்து பேர், இரண்டு வாரம்

மொத்தமாக வாங்கும் முன் மாத ஒப்பந்தத்தில் ஐந்து லைசென்ஸ் மட்டும் எடுத்துச் சோதியுங்கள். திறமையான ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பழைய போன் வைத்திருப்பவர், ஐபோன்காரர், அதிகம் படம் அனுப்புபவர், அடிக்கடி வெளியூர் போகிறவர், தொழில்நுட்பத்துக்குத் தயங்குபவர் என்று எடுங்கள்.

அளக்க வேண்டியது நேரத்தை. ஒருவருக்குப் போனில் ஏற்ற எத்தனை நிமிடம் ஆனது, இரண்டு வாரத்தில் எத்தனை முறை உதவி கேட்டார் என்று எழுதிவையுங்கள். ஏற்ற 40 நிமிடம், அதன்பின் மாதம் 15 நிமிடம் என்று கிடைத்தால், 40 பேருக்குத் தொடக்கத்தில் 27 மணி நேரம், மாதம் 10 மணி நேரம். 30,000 ரூபாய் சம்பளத்தில் மாதம் 200 மணி நேரம் வேலை செய்யும் ஐடி ஆளுக்கு மணிக்கு 150 ரூபாய். கொட்டேஷனில் வராத செலவு இது.

9. மாற்றும் நாள்

சனிக்கிழமை இரவு மாற்றுங்கள். பையர் நாடுகளிலும் அப்போது வார விடுமுறை. ஏதாவது தவறினால் சரிசெய்ய ஞாயிறு முழுவதும் இருக்கும்.

இரண்டு நாள் முன்பே டொமைனின் எம்எக்ஸ் பதிவில் (மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) டிடிஎல் மதிப்பை (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய முகவரியை நினைவில் வைத்த சர்வர்கள் ஒரு நாள்வரைகூடப் பழைய இடத்துக்கே மெயிலை அனுப்பும்.

எல்லாக் கணக்குகளையும் திறந்து முடித்த பிறகே எம்எக்ஸை மாற்றுங்கள். கணக்கு இல்லாத முகவரிக்கு வரும் மெயில் திரும்பிப்போய்விடும். பழைய ஹோஸ்டிங்கை உடனே நிறுத்தாமல் ஒரு மாதம் வைத்திருங்கள், அந்தப் பணத்தையும் கணக்கில் எழுதுங்கள்.

எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்வது) ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பழையதை அழிக்காமல் புதியதைச் சேர்த்தால் இரண்டும் செல்லாது, நீங்கள் அனுப்புவது ஸ்பேமுக்குப் போகும். பிறகு டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற விதி). இவற்றுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் உங்கள் பெயரில் போலி மெயில் போய் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று பையரை ஏமாற்றும் மோசடிக்கு எதிரான முதல் வேலி இவைதான்.

10. போனில் ஏற்றும் வரிசை

அ. முதலில் ஸ்கிரீன் லாக். பின்னால் போட்டால் கொள்கை பொருந்தாமல் மெயில் நின்றுபோகும்.

ஆ. அத்தென்டிகேட்டர் ஆப் (இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான குறியீட்டைத் தருவது). பதிந்ததும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு உறையில் வைத்து அலுவலகத்தில் பூட்டிவையுங்கள். புதுப் போன் வாங்கியவர் பழையதைக் கடையில் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துவிட்டு உள்ளே நுழைய முடியாமல் நிற்பதுதான் அடிக்கடி வரும் உதவி அழைப்பு.

இ. சேவை நிறுவனத்தின் சொந்த மெயில் ஆப்பையே போடுங்கள். போனோடு வரும் ஆப்பில் பாஸ்வேர்டு மட்டும் கொடுத்து இணைக்கும் பழைய முறையை மைக்ரோசாஃப்டின் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் 2022 அக்டோபரில் நிறுத்தத் தொடங்கியது. கூகுளும் 2025இல் நிறுத்திவிட்டது. எல்லோரும் ஒரே ஆப் வைத்திருந்தால் போனிலேயே வழி சொல்லித் தீர்க்கலாம்.

ஈ. பேட்டரி அமைப்பு. ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்றவை பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். 'திறந்தால்தான் மெயில் வருகிறது' என்ற புகாருக்கு இதுதான் காரணம். மெயில் ஆப்புக்கு ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

உ. சோதனை. போனைப் பூட்டி, வைஃபையை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து வெளி முகவரியிலிருந்து மெயில் அனுப்புங்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு சோதித்தால் எப்போதும் வேலை செய்வதுபோலத்தான் தெரியும்.

ஊ. அனுப்புநர் பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். போன் திரையில் பெயர் மட்டும் தெரிவதால், ஒரே எழுத்து மாறிய போலி முகவரி கண்ணில் படாது. வங்கி விவரம் மாறினால் ஏற்கெனவே தெரிந்த எண்ணில் பேசி உறுதிசெய்யாமல் பணம் அனுப்பக்கூடாது என்பதை எழுத்தில் விதியாக்குங்கள். பயிற்சிக்கு ஆகும் இந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள்.

11. முதல் ஆண்டுக் கணக்கு

எடுத்துக்காட்டு நிறுவனத்துக்கு, வரி நீங்கலாக:

- லைசென்ஸ்: 1,27,200
- நிறுவனப் போன், சிம் (8 பேர்): 62,688
- படி (32 பேர்): 76,800
- மாதாந்தர உதவி நேரம்: 18,000
- தொடக்கத்தில் போனில் ஏற்றும் நேரம்: 4,050
- பழைய மெயிலை ஏற்றும் கூலி: 15,000

மொத்தம் 3,03,738 ரூபாய். லைசென்ஸ் இதில் 42 சதவீதம்தான். உடைந்த திரை, மாற்றுப் போன், இடையில் சேரும் ஆட்கள் என 10 சதவீதம் சேர்த்து 3,34,000 ரூபாய்க்கு ஒப்புதல் வாங்குங்கள். லைசென்ஸ் தொகையை மட்டும் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுப் போனால் நிர்வாகம் நம்பிக்கை இழக்கும். உதவிக்கான நேரத்தைத்தான் அப்போது முதலில் வெட்டுவார்கள்.

போன் செலவை மூன்று ஆண்டுக்குப் பரப்பியிருக்கிறோம். கையிலிருந்து பணம் போவது முதல் மாதமே என்பதால் அந்த 1,20,000 ரூபாயை ரொக்க ஓட்டத்தில் தனியாகக் காட்டுங்கள்.

12. போன் தொலைந்தால்

முதலில் எல்லா லாகின்களையும் வெளியேற்றிப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து அலுவலகக் கணக்கை அழிக்கும் கட்டளையை அனுப்புங்கள். சிம்மை முடக்குவது அதற்குப் பிறகு. முதலிலேயே முடக்கிவிட்டால் போனுக்கு இன்டர்நெட் இருக்காது, அழிக்கும் கட்டளை போய்ச்சேராது. பத்து நிமிடம் பொறுக்கலாம். வங்கி ஓடிபி வரும் சிம் என்றால் மட்டும் பொறுக்காமல் உடனே முடக்குங்கள்.

பிறகு போலீஸ் புகார் கொடுத்து, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சிஇஐஆர் வசதியில் (தொலைந்த போனை முடக்குவது) ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்) தடுக்கலாம். அதற்கு எண் தெரிய வேண்டும். போன் கொடுக்கும் நாளிலேயே *#06# அழுத்தி, வரும் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, இன்வாய்ஸ் நகலையும் சேர்த்துவையுங்கள்.

அழிக்கும் கட்டளையில் இரண்டு வகை உண்டு. ஒன்று அலுவலகக் கணக்கை மட்டும் அழிக்கும், மற்றொன்று முழுப் போனையும். ஊழியரின் சொந்தப் போனில் அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினால் குழந்தையின் படங்கள்வரை போய்விடும். எது எப்போது செய்யப்படும் என்று எழுதி, மெயில் ஏற்றும் நாளிலேயே கையெழுத்து வாங்குங்கள்.

யாரோ மெயிலுக்குள் நுழைந்ததாகத் தெரிந்தால், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி ஆறு மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது.

13. ஆள் விலகும்போது

வரிசை மாறினால் மெயில் போய்விடும், அல்லது பணம் போகும். முதலில் லாகினை முடக்குங்கள். பிறகு வரும் மெயிலை அவர் இடத்துக்கு வருபவருக்குத் திருப்புங்கள். மூன்றாவதாகப் பழைய மெயிலை ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றுங்கள் அல்லது வேறு கணக்குக்கு நகர்த்துங்கள். லைசென்ஸை எடுப்பது கடைசியில்.

மைக்ரோசாஃப்டில் மெயில்பாக்ஸை மாற்றாமல் லைசென்ஸை எடுத்தால் 30 நாளில் அது அழியும். கூகுளில் அழித்த பயனரை 20 நாளுக்குள் மட்டுமே மீட்கலாம். கூகுளில் கணக்கை 'சஸ்பெண்ட்' செய்தால் பணம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது, பில் வந்துகொண்டே இருக்கும்.

மாதம் ஒருமுறை ஹெச்ஆர் பட்டியலையும் லைசென்ஸ் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டு ஒப்பந்தம் முடிய 45 நாள் இருக்கும்போது தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, இரண்டாம் பகுதியில் கேட்ட அந்த இரண்டு கேள்விகளை எல்லோரைப் பற்றியும் மறுபடி கேட்டு, புதிய எண்ணிக்கையோடு கொட்டேஷன் வாங்குங்கள்.